டிபரன்சியல் மவுண்டிங்: பழுதை இனங்காணலும் மாற்றுதலும்



இயந்திரம், கிளச்சு, கியர்ப்பெட்டி, உந்துதண்டு, டிபரன்சியல், அச்சு, சில்லு என்ற வலு ஊடுகடத்தல் வரிசையை மனப்பாடம் செய்வது எளிது. ஆனால் “புறப்படும்போது வாகனத்தின் அடியில் ‘டொக்’ என்று சத்தம் கேட்கின்றது, எப்பகுதியைச் சோதிப்பீர்?” என்று வினவினால் அந்த வரிசை மட்டும் போதாது. ஒவ்வொரு பகுதியும் எதன்மீது தாங்கப்பட்டிருக்கிறது, எந்தத் திசையில் அது திமிற முயல்கிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். இப்பாடத்தில் டிபரன்சியலைத் தாங்கும் இறப்பர் மவுண்டிங்குகளை எடுத்துக்கொள்வோம். மன்னார்த் தீவிலும் அதனை அடுத்த கரையோரத்திலும் ஓடும் வாகனங்களை உதாரணமாகக் கொள்வோம். உப்புக் காற்று, மணற்கரை, பார வேலை ஆகிய மூன்றும் இங்கு ஒன்றாகச் சேர்வதால் இப்பகுதி இறப்பருக்கும் இரும்புக்கும் கடினமான பரீட்சை மண்டபம் போன்றது.

டிபரன்சியலின் தொழில் யாது?

வாகனம் வளைவிலே திரும்பும்போது வெளிப்பக்கச் சில்லு உட்பக்கச் சில்லை விடக் கூடிய தூரம் உருள வேண்டும். இரு சில்லுகளும் ஒரே தண்டில் இறுகப் பூட்டப்பட்டிருந்தால் ஏதாவது ஒன்று வீதியில் உரசிக்கொண்டே செல்லும். இரு சில்லுகளுக்கும் வலுவை வழங்கிக்கொண்டு, அவை வெவ்வேறு வேகத்திற் சுழலவும் இடமளிப்பதே டிபரன்சியலின் தொழில். பிரான்சியரான ஒனேசிபோர் பெக்கர் 1827 இல் இதனை நீராவி வண்டிக்கென வடிவமைத்தார். முருங்கன் வயல்களில் நீங்கள் காணும் இருசில்லு உழவு இயந்திரத்தில் டிபரன்சியல் இல்லை. திரும்ப வேண்டிய பக்கத்துக் கைபிடியிலுள்ள கிளச்சை அழுத்தி அப்பக்கச் சில்லின் வலுவைத் துண்டித்தே அதனைத் திருப்புகிறார்கள். முச்சக்கர வண்டியிலோ டிபரன்சியல் பின்புறத்திலுள்ள இயந்திரம், கியர்ப்பெட்டி ஆகியவற்றுடன் ஒரே கூட்டாக அமைந்துள்ளது.

டிபரன்சியல் இன்னொரு வேலையும் செய்கிறது. உந்துதண்டின் சுழற்சியை 90° திருப்பி அச்சுகளுக்குக் கொடுக்கும்போது, சிறிய பினியன் பற்சில்லினாலும் பெரிய கிரவுண் பற்சில்லினாலும் வேகத்தைக் குறைத்து முறுக்கத்தைக் கூட்டுகிறது. மவுண்டிங்குகளின் துன்பம் இங்குதான் தொடங்குகிறது.

எல்லா வாகனத்திலும் மவுண்டிங் உண்டா?

இல்லை. இதனை முதலில் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். ரொயோட்டா ஹயஸ் வான், பஸ், லொறி போன்றவற்றின் பின்பக்கத்தில் டிபரன்சியல் அச்சுக் கவசத்தின் நடுவிலேயே அமைந்திருக்கும். அச்சு முழுவதும் தகட்டு வில்லுகளின்மீது ‘யூ’ போல்ட்டுகளால் பூட்டப்பட்டிருக்கும். இங்கே டிபரன்சியல் மவுண்டிங் என்று தனியாக ஒன்றில்லை. இவ்வகை வாகனத்தில் ‘டொக்’ சத்தம் கேட்டால் யூ போல்ட்டின் தளர்ச்சி, வில்லின் புஷ், உந்துதண்டின் குறுக்கு மூட்டு ஆகியவற்றையே தேட வேண்டும்.

முன்சில்லுச் செலுத்துகையுள்ள சிறிய கார்களில் டிபரன்சியல் கியர்ப்பெட்டிக்குள்ளேயே இருக்கும். அங்கு தேய்வது இயந்திர மவுண்டிங்.

டிபரன்சியலைத் தனியாகச் சட்டகத்தில் தொங்கவிட்டு, அதிலிருந்து இரு பக்கமும் மூட்டுள்ள அரை அச்சுகள் செல்லும் வாகனங்களிலேயே நமது மவுண்டிங் காணப்படும். பின்சில்லுச் செலுத்துகையுள்ள பி.எம்.டபிள்யூ, மேர்சிடஸ் பென்ஸ் கார்கள் இவ்வகையின. நிசான் எக்ஸ்ரெயில் போன்ற நால்சில்லுச் செலுத்துகை வாகனங்களின் பின்பக்கமும் அவ்வாறே. மன்னாரில் அதிகம் காணக்கூடிய உதாரணம் நால்சில்லுச் செலுத்துகையுள்ள டபிள் கப். 2004 இன் பின் வந்த ரொயோட்டா ஹைலக்ஸ் 4×4 வாகனத்தை எடுத்தால், அதன் பின் டிபரன்சியல் அச்சுக் கவசத்தில் உள்ளது, எனவே மவுண்டிங் இல்லை. முன் டிபரன்சியலோ இறப்பர் மவுண்டிங்குகளின் மூலம் சட்டகத்தில் தொங்குகிறது. ஒரே வாகனத்தில் இரு வகையும்! வீதியில் இருசில்லுச் செலுத்துகையில் ஓடும்போது முன் டிபரன்சியலுக்கு வேலை மிகக் குறைவு. தாழ்வுபாட்டுக் கரையிலோ சிலாவத்துறைப் பக்கத்து மணலிலோ நால்சில்லுக்கு மாற்றிப் படகோ வலையோ இழுக்கும்போதுதான் அதன் மவுண்டிங்குகளின்மீது பாரம் ஏறுகிறது. “தார் றோட்டில் ஒரு சத்தமும் இல்லை, கரையில் மட்டும் அடிக்கிறது” என்று சாரதி சொன்னால் அந்த ஒரு வசனத்திலேயே பாதி விடை இருக்கிறது.

விசையைக் கணிப்போம்

விஞ்ஞானப் பாடத்திற் கற்ற தாக்கமும் மறுதாக்கமும், விசையின் திருப்பம் ஆகிய இரண்டும் இங்கு தேவைப்படும். டிபரன்சியல் சில்லுகளை முன்னோக்கிச் சுழற்றும்போது, சில்லுகள் டிபரன்சியலின் கவசத்தை எதிர்த்திசையில் சுழற்ற முயலும். பின்சில்லுச் செலுத்துகைக் காரில் பினியன் இருக்கும் ‘மூக்கு’ முன்புறம் நோக்கியிருக்கும். ஆகவே முன்னோக்கிப் புறப்படும்போது மூக்கு மேலெழ முயலும், பின்னோக்கிச் செலுத்தும்போது கீழிறங்க முயலும். முன் டிபரன்சியலில் மூக்கு பின்னோக்கி இருப்பதால் இது தலைகீழாகும்.

ஒரு காரின் இயந்திரம் தரும் முறுக்கம் 150 நியூட்டன் மீற்றர், முதலாம் கியரின் விகிதம் 4:1, டிபரன்சியலின் விகிதம் 4:1 எனக் கொள்வோம். உராய்வு இழப்பைப் புறக்கணித்தால்,

உந்துதண்டின் முறுக்கம் = 150 × 4 = 600 நியூட்டன் மீற்றர்
அச்சுகளின் மொத்த முறுக்கம் = 600 × 4 = 2400 நியூட்டன் மீற்றர்

கவசத்தைப் பின்னோக்கித் திருப்ப முயல்வதும் இதே 2400 நியூட்டன் மீற்றர்தான். முன் மவுண்டிங்குக்கும் பின் மவுண்டிங்குக்கும் இடைத்தூரம் 0.4 மீற்றர் என்றால்,

ஒவ்வொரு முனையிலும் தாக்கும் விசை = 2400 ÷ 0.4 = 6000 நியூட்டன்

இது ஏறத்தாழ 600 கிலோகிராம் திணிவின் நிறை. உள்ளங்கையளவான ஓர் இறப்பர்த் துண்டு முதலாம் கியரில் முழு வலுவோடு புறப்படும்போது மேல்நோக்கியும், ரிவேர்சில் கீழ்நோக்கியும் இவ்வளவு விசையைத் தாங்குகிறது. அத்தோடு உந்துதண்டின் 600 நியூட்டன் மீற்றர் கவசத்தைத் தண்டு சுழலும் திசையிற் பக்கவாட்டாகவும் சரிக்க முயலும். ஆகவே இடது, வலது மவுண்டிங்குகள் எப்போதும் ஒரேயளவாகத் தேய்வதில்லை.

நால்சில்லு வாகனத்தில் தாழ்கியரை இட்டால் முறுக்கம் மேலும் இரு மடங்குக்கு மேல் பெருகும். “அப்படியானால் மணலில் மவுண்டிங் உடனே அறுந்துவிடாதா?” என்று கேட்கலாம். நல்ல கேள்வி. சில்லுக்கும் மணலுக்கும் இடையிலான உராய்வு எவ்வளவோ அவ்வளவு முறுக்கமே உண்மையில் தாக்கும், அதற்கு மேலே சென்றால் சில்லு வழுக்கிச் சுழலும். ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. வழுக்கி வேகமாகச் சுழலும் சில்லு திடீரென இறுகிய தரையையோ கல்லையோ பிடித்தால், சுழலும் பாகங்களின் இயக்கசக்தி முழுவதும் ஒரு கணத்திற் கவசத்தை உதைக்கும். மணலிற் புதைந்த வாகனத்தை ஆக்சிலேற்றரை மிதித்து மிதித்து ஆட்டி எடுப்பவர்கள் மவுண்டிங்கின் ஆயுளைத் தாமே குறைக்கிறார்கள்.

இறப்பர் எதற்கு? இரும்பினால் நேரடியாகப் பூட்டலாமே?

பூட்டலாம். ஆனால் பற்சில்லுகளின் இரைச்சலும் அதிர்வும் சட்டகத்தினூடாகச் சாரதியின் ஆசனம் வரை வந்துவிடும், பூட்டிய இடத்தில் சட்டகம் வெடிக்கவும் கூடும். கந்தகம் சேர்த்து வல்கனைசுப்படுத்திய இறப்பர் (சாள்ஸ் குட்இயர் இம்முறையைக் கண்டது 1839 இல்) அமுக்கியதும் வடிவம் மாறிப் பின் தன் வடிவத்துக்கு மீள்கிறது. அதிர்வுச் சக்தியின் ஒரு பகுதியை வெப்பமாக மாற்றிவிடுகிறது. மவுண்டிங்கில் உட்புறம் ஓர் உருக்குக் குழாய், வெளிப்புறம் ஓர் உருக்கு வளையம், இரண்டுக்கும் நடுவே ஒட்டப்பட்ட இறப்பர் என மூன்று பகுதிகள் உள்ளன. 1876 இல் கம்பகா ஹெனரத்கொடைத் தாவரவியற் பூங்காவில் இறப்பர்க் கன்றுகள் நடப்பட்ட நாட்டில் வாழும் நமக்கு இப்பொருள் புதிதல்ல.

கரையோரத்தில் ஏன் விரைவிற் பழுதடைகிறது?

இரும்பு துருப்பிடிக்க நீரும் ஒட்சிசனும் தேவை. உப்பு கரைந்த நீர் நல்ல மின்பகுபொருளாகையால் அரிப்பு விரைவுபடும். மன்னார்த் தீவைப் பெருநிலத்துடன் இணைக்கும் தாம்போதியின் இருபுறமும் கடல். 2010 இல் திறக்கப்பட்ட புதிய பாலத்தைக் கடக்கும் ஒவ்வொரு வாகனமும் கடற்காற்றினூடாகவே செல்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் காற்றின் பலம் எவ்வளவென்பதற்குத் தீவின் தென்கரையில் நிற்கும் தம்பபவனியின் 30 காற்றாலைகளே சாட்சி. மீன் பெட்டிகளிலிருந்து வடியும் உப்பு நீரும் இதனோடு சேர்கிறது. பேசாலையிலோ பள்ளிமுனையிலோ மீன் ஏற்றும் வாகனங்களின் அடிப்புறத்தைக் குனிந்து பார்த்தால் விளங்கும்.

துரு, தான் உருவான இரும்பை விடக் கூடிய இடத்தைப் பிடிக்கும். அது உருக்கு வளையத்துக்கும் இறப்பருக்கும் இடையே புகுந்து ஒட்டைப் பெயர்க்கும். இறப்பர் நல்ல நிலையிலிருந்தாலும் ஒட்டு விட்டுப்போன மவுண்டிங் பயனற்றது. போல்ட் உட்குழாயோடு துருவால் இறுகிப்போவது மற்றொரு தொல்லை. கழற்றும்போது இதனை நன்றாகவே உணர்வீர்கள்.

இரண்டாவது எதிரி எண்ணெய். இயற்கை இறப்பர் கனிய எண்ணெயில் ஊறிப் பருத்து மெதுமையாகும். பினியன் சீல் கசிந்து மவுண்டிங்கின்மீது எண்ணெய் சொட்டுமானால், சீலைத் திருத்தாமல் மவுண்டிங்கை மட்டும் மாற்றுவது ஓட்டைக் கூரையின் கீழ்ப் புதுப்பாய் விரிப்பது போன்றதே.

பழுதை இனங்காணல்

சாரதியிடம் கேட்பதே முதற் சோதனை. கேள்விகள் குறிப்பானவையாக இருக்க வேண்டும். புறப்படும் கணத்தில் ஒரு தடவை ‘டொக்’ என்று கேட்கிறதா? ஆக்சிலேற்றரை விட்டதும் மீண்டும் ஒரு தடவை கேட்கிறதா? முன் கியரிலிருந்து ரிவேர்சுக்கு மாற்றும்போது கேட்கிறதா? முறுக்கத்தின் திசை மாறும் ஒவ்வொரு தடவையும் ஒரே ஓர் அடி என்றால் மவுண்டிங்கின்மீது சந்தேகம் கொள்ளலாம். மேடு பள்ளத்தில் மட்டும் கேட்டால் தொங்கற் தொகுதியைப் பார்க்க வேண்டும். திரும்பும்போது ‘டிக் டிக்’ எனத் தொடர்ந்து கேட்டால் அரை அச்சின் மூட்டு. நேரே ஓடும்போது எழும் ‘ஊ’ என்ற இரைச்சல் ஸ்ரியறிங்கைச் சற்றுத் திருப்பியதும் கூடிக் குறைந்தால் சில்லுப் பெயாரிங்.

டிபரன்சியலுக்குள்ளிருந்து வரும் இரைச்சலைப் பற்றி ஒரு குறிப்பு. மவுண்டிங் இரைச்சலை உண்டாக்குவதில்லை. பற்சில்லின் தேய்வோ எண்ணெய்க் குறைவோ உண்டாக்கும் இரைச்சலை அது தடுத்து வைத்திருக்கிறது. மவுண்டிங் கிழிந்தால் முன்பு கேட்காத இரைச்சல் கேட்கத் தொடங்கலாம். இதனைக் கேட்டு டிபரன்சியலையே மாற்றச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். அன்றாடம் மீன் ஏற்றிப் பிழைக்கும் ஒருவருக்கு, சில மவுண்டிங்குகளின் விலைக்கும் முழு டிபரன்சியலின் விலைக்கும் உள்ள வித்தியாசம் பல வாரங்களின் உழைப்பு. ஆகவே இனங்காணலில் அவசரம் கூடாது.

அடுத்து வாகனத்தின் கீழே சென்று சோதிக்க வேண்டும். தட்டையான உறுதியான தரை, சில்லுகளுக்கு அடைகட்டை, கியர் நியூட்ரலில், ஹான்ட் பிறேக் இழுத்து, திறப்பு வெளியே. ஜக்கினால் உயர்த்தியபின் வாகனத்தை ஸ்ராண்டுகளின்மீது இறக்கி வைக்காமல் ஒருபோதும் கீழே செல்லாதீர்கள். மணலின்மீது ஜக் வைப்பது அறவே கூடாது. ஜக் மட்டும் தாங்கிய வாகனத்தின் கீழ்ச் சென்றவர் சாவதற்கு ஒரு கணம் போதும்.

மின்சூளால் ஒளியூட்டி மவுண்டிங்கை அவதானியுங்கள். மேற்பரப்பிலுள்ள சிறு வெடிப்புகள் முதுமையின் அடையாளமே தவிர, அவை மட்டும் மாற்றுவதற்குக் காரணமாகா. இறப்பர் உருக்கிலிருந்து விலகியிருத்தல், உட்குழாய் நடுவிலிருந்து ஒருபக்கம் சரிந்திருத்தல், உரசிப் பளபளக்கும் உலோகம், அதனைச் சுற்றிய செந்நிறத் துருத்தூள் என்பனவே உறுதியான சான்றுகள்.

இனி உந்துதண்டைக் கையாற் பிடித்து முன்னும் பின்னுமாகத் திருப்பிப் பாருங்கள். குறுக்கு மூட்டின் இரு கவர்களும் ஒன்றையொன்று விட்டு அசைந்தால் மூட்டில் தேய்வு. மூட்டு இறுக்கமாயிருந்து, கவசம் அசையாமல் பினியன் மட்டும் சற்றே சுழன்றால் அது பற்களுக்கிடையிலான இடைவெளி, சிறிதளவு இருப்பது இயல்பு. கவசமே சேர்ந்து ஆடினால் மவுண்டிங். கைப்பலம் போதாவிடின், கவசத்தின் தடித்த விலாவுக்கும் சட்டகத்துக்கும் இடையில் நெம்புகோலைக் கொடுத்து மெதுவாக நெம்புங்கள். சீல், பிறேக் குழாய், மெல்லிய மூடி ஆகியவற்றில் நெம்பக் கூடாது. சில மில்லிமீற்றர் அசைந்து, விட்டதும் மீண்டால் இறப்பர் உயிரோடிருக்கிறது. உலோகம் உலோகத்தைத் தொட்டால் அதன் காலம் முடிந்தது.

இன்று எல்லோரிடமும் உள்ள கைத்தொலைபேசியும் ஒரு சோதனைக் கருவிதான். நான்கு சில்லுகளும் தரையிலிருக்க, தொலைபேசியைச் சில்லுகளுக்கு அப்பால் பக்கவாட்டில் வைத்து டிபரன்சியலை நோக்கிப் பதிவு செய்யவிட்டு எல்லோரும் விலகிய பின், அனுபவமுள்ள சாரதி பிறேக்கை மிதித்தபடி முன் கியருக்கும் ரிவேர்சுக்கும் மெதுவாக மாற்றலாம். கவசத்தின் துள்ளல் படத்திற் பதிந்துவிடும். இந்நேரம் வாகனத்தின் கீழோ முன்னோ பின்னோ ஒருவரும் நிற்கலாகாது.

மாற்றும் முறை

முதல் நாளே போல்ட்டுகளைக் கம்பித் தூரிகையால் துலக்கித் துரு இளக்கும் எண்ணெயை விட்டு வையுங்கள். மன்னார் வாகனத்திற்கு ஒரு நாளல்ல, இரு நாள் விட்டாலும் தகும்.

வாகனத்தை ஸ்ராண்டில் நிறுத்தியபின், டிரொலி ஜக்கின் தலையில் மரக்கட்டை வைத்து டிபரன்சியலைக் கீழிருந்து தாங்குங்கள். பாரம் ஜக்கிற்கு வந்த பின்னரே மவுண்டிங் போல்ட்டைத் தளர்த்த வேண்டும். உந்துதண்டைக் கழற்ற நேர்ந்தால் இரு விளிம்புகளிலும் வர்ண அடையாளம் இட்டுக்கொண்டு, பூட்டும்போது அதே நிலையிற் பொருத்த வேண்டும். இல்லையேல் சமநிலை குலைந்து, முன்பு இல்லாத அதிர்வு ஒன்று புதிதாய் வந்து சேரும். கவசத்தைத் தாழ்த்தும்போது பிறேக் குழாய்களும் மின்வயர்களும் இழுபடுகின்றனவா என்று கவனியுங்கள்.

புஷ்ஷைக் கழற்றுமுன் அது எவ்வளவு ஆழத்தில் உள்ளது, இறப்பரிலுள்ள வெற்றிடங்கள் எத்திசையை நோக்குகின்றன என்பவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். வெற்றிடமுள்ள திசையில் மவுண்டிங் மெதுமையானது, நிரம்பிய திசையில் கடினமானது. மாற்றிப் பொருத்தினால் புதிய மவுண்டிங்கே பழையதைப் போல ஆடும். நீண்ட புரியுள்ள போல்ட், வளையம், குழாய்த்துண்டு, நட் ஆகியவற்றைக் கொண்டு திருகி இழுப்பதே பாடசாலைப் பட்டறைக்குப் பொருத்தமான முறை. சில இடங்களில் இறப்பரை எரித்து எடுக்கிறார்கள். எரிபொருட் தாங்கிக்கு அருகில் தீ வைப்பது எவ்வளவு அறிவீனம் என்பதை விளக்க வேண்டியதில்லை, புகையும் நச்சு.

துளையைச் சுத்தமாக்கிச் சவர்க்கார நீர் தடவிப் புதிய புஷ்ஷை அமுக்குங்கள். கிறீஸ் தடவினால் அது இறப்பரிலும் படும். அமுக்கும் விசை வெளி வளையத்தில் மட்டும் தாக்க வேண்டும். உட்குழாயிலோ இறப்பரிலோ தாக்கினால் பொருத்தும்போதே ஒட்டு பெயர்ந்துவிடும்.

எல்லாப் போல்ட்டுகளையும் முதலில் விரலால் ஏற்றுங்கள். டிபரன்சியல் தன் இயல்பான நிலைக்கு வந்த பின்னரே முறுக்கச் சாவியால் வாகனக் கைநூலில் தந்த அளவுக்கு இறுக்க வேண்டும். ஜக்கால் மேலே தள்ளிய நிலையில் இறுக்கினால் இறப்பர் எப்போதும் முறுகியபடியே இருந்து விரைவில் கிழியும். தானே பூட்டிக்கொள்ளும் நட்டுகளை மீளப் பயன்படுத்தாதீர்கள். டிபரன்சியல் எண்ணெயின் மட்டத்தையும் காற்றுத் துவாரம் அடைபட்டுள்ளதா என்பதையும் பாருங்கள். துவாரம் அடைத்தால் உள்ளே அமுக்கம் கூடிச் சீல் கசியும்.

உதிரிப்பாகத்தைப் பற்றி: பஞ்சிகாவத்தையில் பழைய டிபரன்சியல் வாங்குவதில் நியாயம் இருக்கலாம், பழைய மவுண்டிங் வாங்குவதில் இல்லை. இறப்பர் ஓடாமற் கிடந்தாலும் முதுமையடையும். பொலியுறிதேன் புஷ் நீண்டகாலம் உழைக்கும், எண்ணெய்க்கும் அஞ்சாது, ஆனால் கடினமானதாகையால் இரைச்சலைக் கூடுதலாகக் கடத்தும்.

மணலிலோ கடல்நீர் தேங்கிய இடத்திலோ ஓடிய வாகனத்தின் அடிப்புறத்தை அன்றே நன்னீரால் கழுவுவது மிகச் செலவு குறைந்த பராமரிப்பு.

பயிற்சி வினாக்கள்

1. பின்சில்லுச் செலுத்துகைக் காரொன்று முன்னோக்கிப் புறப்படும்போது டிபரன்சியலின் மூக்கு மேலெழ முயல்வது ஏன்?
விடை: சில்லுகளைச் சுழற்றும் முறுக்கத்துக்குச் சமனும் எதிருமான மறுதாக்க முறுக்கம் கவசத்தில் தாக்குவதால்.

2. இயந்திர முறுக்கம் 120 நியூட்டன் மீற்றர், கியர் விகிதம் 3.5:1, டிபரன்சியல் விகிதம் 4:1, மவுண்டிங்குகளின் இடைத்தூரம் 0.42 மீற்றர். உராய்வு இழப்பைப் புறக்கணித்து ஒரு முனையில் தாக்கும் விசையைக் காண்க.
விடை: 120 × 3.5 × 4 = 1680 நியூட்டன் மீற்றர்; 1680 ÷ 0.42 = 4000 நியூட்டன்.

3. தகட்டு வில்லுகளின்மீது அமைந்த பின்னச்சுள்ள வானொன்றில் புறப்படும்போது ‘டொக்’ சத்தம் கேட்கிறது. திருத்துநர் ஒருவர் டிபரன்சியல் மவுண்டிங்கை மாற்ற வேண்டும் என்கிறார். இதனை ஏற்பீரா?
விடை: ஏற்கமுடியாது. இவ்வமைப்பில் தனியான டிபரன்சியல் மவுண்டிங் இல்லை. யூ போல்ட்டுகள், வில்லின் புஷ், குறுக்கு மூட்டு, பற்களுக்கிடையிலான இடைவெளி என்பவற்றைச் சோதிக்க வேண்டும்.

4. நால்சில்லுச் செலுத்துகையுள்ள டபிள் கப் ஒன்றின் முன் டிபரன்சியல் மவுண்டிங் புதிதாக மாற்றப்பட்டு மூன்று மாதத்திற்குள் மெதுமையாகி வீங்கிவிட்டது. காரணத்தையும், மீண்டும் மாற்றுமுன் செய்ய வேண்டியதையும் குறிப்பிடுக.
விடை: மவுண்டிங்கின்மீது எண்ணெய் சொட்டியிருக்கலாம். பினியன் சீலில் கசிவுள்ளதா, காற்றுத் துவாரம் அடைபட்டுள்ளதா எனப் பார்த்துத் திருத்திச் சுத்தம் செய்த பின்னரே புதிய மவுண்டிங்கைப் பொருத்த வேண்டும்.